கட்டுமானத் தச்சர் ஆக அப்ரண்டிஸ் வழி சரிதானா? சரிதான், ஆனால் குறி போடக் கற்றுக்கொண்டு வெளியே வாருங்கள்

பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது, கல்லூரியில் ஆர்வமில்லை, கையால் வேலை செய்யப் பிடிக்கும். அப்ரண்டிஸாகச் சேர்ந்து கட்டுமானத் தச்சராக முடியுமா, எத்தனை வருடம் பிடிக்கும், எப்படிப்பட்ட இடத்தில் சேர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் முழுக்கச் சாமான் தூக்கத்தான் விடுவார்கள் என்று யாரோ சொன்னதால் ஒரு தயக்கமும் தெரிகிறது.

முடியும். தாராளமாகச் சேருங்கள். இந்தத் தொழிலுக்குள் நுழைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. வேலை செய்துகொண்டே படிக்கிறீர்கள், படிக்கும்போதே சம்பளம் வருகிறது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடித்து வரும் எல்லாரும் ஒரே தரத்தில் வருவதில்லை. சிலர் வரைபடத்தைப் பார்த்து ஒரு வீட்டின் கூரையையே கணக்குப் போட்டு நிறுத்திவிடுவார்கள். சிலர், வேறொருவர் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தால் அதன்மேல் அழகாக வெட்டுவார்கள், அதோடு சரி. இரண்டு பேரும் ஒரே காலம் உழைத்தவர்கள்தான். பயிற்சிக் காலத்தில் குறி போடும் பென்சில் யார் கையில் இருந்தது என்பதுதான் வித்தியாசம். நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும்.

கட்டில், அலமாரி செய்யும் தச்சு வேறு, இது வேறு. இரண்டிலும் ரம்பமும் உளியும் உண்டு. ஆனால் அலமாரி செய்பவர் தன் பட்டறையில், மட்டமான மேஜையில் வைத்துச் செய்கிறார். கட்டுமானத் தச்சர் கோணலான தரையில், வெயிலிலும் காற்றிலும், வேறு ஆட்கள் ஏற்கெனவே செய்து வைத்த வேலைக்குப் பொருந்தும்படி செய்ய வேண்டும். கான்கிரீட் ஊற்றும்போது அதைத் தாங்கி நிற்கும் தற்காலிக அச்சான சென்ட்ரிங் அடிப்பது, மரச்சட்டச் சுவர் நிறுத்துவது, தளத்துக்குக் குறுக்குச் சட்டம் போடுவது, கூரையின் சாய்வுச் சட்டமான கைமரம் ஏற்றுவது, படிக்கட்டு, கதவு நிலை, ஜன்னல், கடைசியாக விளிம்புப் பட்டைகள் என்று வேலை நீள்கிறது. இவற்றில் பாதி, முடிந்த கட்டடத்தில் கண்ணுக்கே தெரியாது. சென்ட்ரிங் கழற்றப்பட்டுவிடும், சுவர்ச் சட்டம் மூடப்பட்டுவிடும். தெரியாத வேலையைச் சுத்தமாகச் செய்யும் மனசு இருந்தால் இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிக்கும்.

முறை எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரும்பகுதி நேரம் வேலையிடத்தில் தேர்ந்த தச்சர் ஒருவருடன், மீதி நேரம் வகுப்பில். காலமும் மணிக்கணக்கும்தான் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் தச்சுக்குப் பெரும்பாலும் 4 வருடம், சுமார் 8,000 மணி நேர வேலை. அதோடு வருடத்துக்கு 144 மணி நேரமாவது வகுப்பு இருக்க வேண்டும் என்பது அங்குள்ள பதிவு பெற்ற பயிற்சிகளுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வேலையும் வகுப்பும் சேர்த்து 7,200 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் வழக்கமாக 4 வருடம். ஜெர்மனியில் 3 வருடம். அங்கே வேலையிடம், தொழிற்பள்ளி, பொதுப் பயிற்சி மையம் என்று மூன்றுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். இந்தியாவில் 1961 ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இதற்கான அடிப்படை. நீங்கள் எங்கே இருந்தாலும் அந்த நாட்டின் பயிற்சி அமைப்பில் உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். வாய்வார்த்தையாக ‘நீ அப்ரண்டிஸ்தான்’ என்று சொல்லி, பதிவு செய்யாமல் உதவியாள் வேலை வாங்கும் இடங்களும் உண்டு. அங்கே உழைக்கும் மணி நேரம் உங்கள் கணக்கில் ஏறாது.

சம்பளம், தேர்ந்த தச்சரின் கூலியில் ஒரு பங்காகத் தொடங்கும். அமெரிக்கா, கனடா போன்ற இடங்களில் அது பாதியை ஒட்டியிருக்கும்; ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு படி ஏறும். தொடக்கத்தில் கை கடிக்கத்தான் செய்யும், ஆனால் ஏறும் வேகம் நன்றாகவே இருக்கும்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: எங்கே சேர்வது? பலர் கூலி அதிகம் தரும் இடத்தைப் பார்க்கிறார்கள். நான் வேலை வகை அதிகம் உள்ள இடத்தைப் பார்க்கச் சொல்வேன். ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்து நான்கு வருடமும் ஒரே அளவு இரும்புப் பலகை வைத்துத் தூண் சென்ட்ரிங் மட்டும் பூட்டிக் கழற்றினால், சான்றிதழ் கிடைக்கும், தச்சு வராது. சின்ன ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தால் ஒரே வருடத்தில் அடித்தளத்திலிருந்து கூரை வரை பார்த்துவிடலாம், ஆனால் அவருக்கு வேலை வறண்டால் உங்களுக்கும் வறளும். தொழிற்சங்கமோ பயிற்சிக் குழுவோ நடத்தும் திட்டங்களில் உங்களை ஒரு முதலாளியிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிவிட வழி இருக்கும். அது நல்ல ஏற்பாடு. எதுவானாலும், சேரும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஒன்று, போன வருடம் இங்கே என்னென்ன வேலைகள் நடந்தன? இரண்டு, இங்கே மூன்றாம் வருடத்தில் இருக்கும் அப்ரண்டிஸ் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் எதிர்காலம். அந்த ஆள் இன்னும் பலகை தூக்கிக்கொண்டிருந்தால் வேறு இடம் பாருங்கள்.

முதல் வருடச் சாமான் தூக்கலைப் பற்றிய பயத்துக்கு வருவோம். ஆமாம், தூக்க வேண்டும். பெருக்க வேண்டும், ஆணி பிடுங்க வேண்டும், பலகையில் ஒட்டிய கான்கிரீட்டைச் சுரண்டி எண்ணெய் தடவ வேண்டும். இதை வீண் என்று நினைப்பவர்களுக்கு வீணாகத்தான் போகும். ஒரு சட்டத்தைத் தூக்கும்போது அதன் ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து மறுமுனை வரை பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் மெல்ல வளைந்திருக்கும். தளத்துக்குப் போடும் சட்டமானால் அந்த மேடான பக்கம் மேலே வரும்படி வைக்க வேண்டும், பாரம் ஏறும்போது அது மட்டத்துக்கு இறங்கும். தலைகீழாக வைத்தால் ஏற்கெனவே தொய்ந்த சட்டம் இன்னும் தொய்ந்து, மேலே போடும் தரையில் பள்ளம் விழும். தூக்கி வைக்கும்போதே வளைவைப் பார்த்து, மேடான பக்கத்தில் பென்சிலால் ஒரு அம்பு போட்டு அடுக்கி வையுங்கள். இதை யாரும் கேட்காமலே செய்யும் பையனை எந்தத் தச்சரும் ஒரு மாதத்துக்கு மேல் வெறும் சுமைக்கு விட்டுவைக்க மாட்டார்.

மரத்தைப் பற்றிய அறிவும் இந்தத் தூக்கலில்தான் கைக்கு ஏறுகிறது. பச்சை மரத்தில் ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதுதான் அது சுருங்க ஆரம்பிக்கும். சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. வளையங்களை ஒட்டிச் சுற்றிவரும் திசையில் அதிகம். நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் அதில் ஏறத்தாழப் பாதி. நீளவாக்கில் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். அகலப் பலகை கிண்ணம்போல் குழிவதற்கு இதுதான் காரணம். ஈரமான சட்டத்தில் சுவர் நிறுத்தினால் சில மாதம் கழித்துக் கதவு இடிக்கும், ஆணித் தலை வெளியே எட்டிப் பார்க்கும். ஈரப் பலகைக்கும் காய்ந்த பலகைக்கும் உள்ள எடை வித்தியாசம் தூக்கித் தூக்கித்தான் தோளுக்குப் பழகும். ஈரமானியும் உண்டு, அதையும் பயன்படுத்துங்கள்.

சரி, குறி போடுவதற்கு வருகிறேன். நேராக வெட்டுவது சில வாரங்களில் வந்துவிடும். இயந்திரங்கள் நன்றாக இருக்கின்றன, கை பழகிவிடும். எங்கே வெட்டுவது, கோட்டின் எந்தப் பக்கம் வெட்டுவது என்பதற்குத்தான் வருடங்கள் ஆகும். ஒரு சாதாரணச் சுவரை எடுத்துக்கொள்கிறேன், இதில் எல்லாமே அடங்கிவிடும்.

அமெரிக்க முறை மரச்சட்டச் சுவரில் நிற்கும் சட்டங்கள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக வரும். அதன்மேல் அடிக்கும் பிளைவுட் ஷீட் 4 அடிக்கு 8 அடி, அதாவது 48 க்கு 96 அங்குலம். ஷீட்டின் விளிம்பு ஒரு சட்டத்தின் சரி நடுவில் முடிய வேண்டும். அப்போதுதான் அந்தச் சட்டத்தின் ஒரு பாதியில் இந்த ஷீட்டுக்கும் மறுபாதியில் அடுத்த ஷீட்டுக்கும் ஆணி பிடிக்கும். சட்டத்தின் பெயர் இரண்டுக்கு நாலு என்றாலும் உண்மையான அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். ஒன்றரையில் பாதி முக்கால். ஆகவே முனையிலிருந்து முதல் குறி 16 இல் வராது, முக்கால் கழித்து 15¼ இல் வரும். சட்டத்தின் இந்தப் பக்க விளிம்பு அந்தக் கோட்டில் உட்காரும், அதன் நடு 16 இல் வரும். அங்கிருந்து 16 கூட்டினால் 31¼, பிறகு 47¼. அதோடு முக்கால் சேர்த்தால் 48. ஷீட்டின் விளிம்பு துல்லியமாக நடுவில்.

புதிதாகக் குறி போடுபவர் முதல் கோட்டை 16 இல் போடுவார். அதுதானே அளவு என்று தோன்றும். அப்படிப் போட்டால் நான்காவது சட்டம் சரியாக 48 இல் தொடங்கும். ஷீட் 48 இல் முடியும். ஆணி அடிக்கக் கீழே மரமே இருக்காது. முக்கால் அங்குலம்தான் தவறு, ஆனால் சுவரில் உள்ள ஒவ்வொரு ஷீட்டையும் அறுக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ஒவ்வொரு இணைப்புக்கும் கூடுதல் கட்டை வைக்க வேண்டியிருக்கும்.

இதிலேயே இன்னும் இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன. கோடு போட்டதும் அதன் எந்தப் பக்கம் மரம் உட்காரும் என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். வெறும் கோட்டைப் பார்த்து ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் சட்டத்தை வைத்துவிட்டால் சுவரே நகர்ந்துவிடும். அப்புறம், டேப்பை ஒரே முனையில் மாட்டி எல்லாக் குறிகளையும் அங்கிருந்தே போட வேண்டும். ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு அளந்துகொண்டே போனால், ஒவ்வொன்றிலும் 1/16 அங்குலம் பிசகினாலும் பதினாறாவது குறியில் ஒரு முழு அங்குலம் போய்விடும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் ஒரு முழுச் சுவரின் அடிச்சட்டத்தையும் மேல்சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து ஒரே தடவையில் குறித்துவிடலாம். இதை உங்கள் தச்சர் செய்யும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். ஓய்வு நேரத்தில் ஒரு கழிவுப் பலகையில் நீங்களே போட்டு அவரிடம் காட்டுங்கள். ‘அண்ணே, இந்தச் சுவரை நான் குறிக்கட்டுமா, ஆணி அடிக்கும் முன் நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்’ என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். அவர் அளவெடுத்துச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகும். உங்களுக்கு அது ஒரு வகுப்பு.

மூலை சரியாக 90 பாகையில் இருக்கிறதா என்று பார்க்க 3, 4, 5 என்ற முக்கோணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் குறித்தால் குறுக்கே 5 மீட்டர் வர வேண்டும். இடம் எவ்வளவு பெரிதோ முக்கோணத்தையும் அவ்வளவு பெரிதாக எடுங்கள்; 6, 8, 10 எடுத்தால் பிழை இன்னும் குறையும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக இருந்தால் செவ்வகம் என்று சொல்லித் தருவார்கள். எதிரெதிர்ப் பக்கங்களும் சமமாக இருந்தால்தான் அது செல்லும். ஒரு பக்கம் குறுகிய சரிவக வடிவத்திலும் மூலைவிட்டங்கள் சமமாக வரும், ஏமாந்துவிடக் கூடாது. கைமரத்துக்கும் இதே கணக்குதான். கிடைமட்டத்தில் 4 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் ஏறும் கூரையில் சரிவு நீளம் 5 மீட்டர். அதிலிருந்து கூரை உச்சியில் ஓடும் முகட்டுச் சட்டத்தின் பாதித் தடிமனைக் கிடைமட்டமாக அளந்து கழிக்க வேண்டும், கீழே தாழ்வாரத்துக்கான நீளத்தைக் கூட்ட வேண்டும். பள்ளியில் வெறுத்த பிதாகரஸ் இங்கே தினமும் வருவார். வகுப்பை ஏனோதானோவென்று கடத்துபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

படிக்கட்டு ஒருவரின் தச்சைக் காட்டிக்கொடுத்துவிடும். கணக்கு சுலபம், ஆனால் ஒரே ஒரு நுணுக்கத்தை மறந்தால் எல்லாம் போச்சு. கீழ்த் தளத்தின் முடிந்த தரையிலிருந்து மேல் தளத்தின் முடிந்த தரை வரை 2,720 மில்லிமீட்டர் என்று வைப்போம். 16 ஏற்றமாக, அதாவது படி உயரமாக, பிரித்தால் ஒன்று 170. ஏற்றம் 16 என்றால் மிதிபலகை 15 தான், ஏனென்றால் கடைசியாகக் கால் வைப்பது மேல் தரையிலேயே. மிதியை, அதாவது ஒவ்வொரு படியிலும் கால் வைக்கும் ஆழத்தை, 280 என்று எடுத்தால் படிக்கட்டின் மொத்தக் கிடைமட்ட நீளம் 4,200. சௌகரியமாக ஏற முடியுமா என்று பார்க்க ஒரு பழைய விதி இருக்கிறது: ஏற்றத்தை இரண்டால் பெருக்கி மிதியைக் கூட்டினால் சுமார் 600 முதல் 640 க்குள் வர வேண்டும். 17 ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பிரான்சுவா ப்ளொண்டெல் மனிதனின் நடை அளவைக் கொண்டு வகுத்த விதியிலிருந்து வந்தது இது. நம் கணக்கில் 340 உம் 280 உம் சேர்ந்து 620. நன்றாக இருக்கிறது.

இப்போது படிகளைத் தாங்கும் சாய்வான பக்கப் பலகையில், செங்கோணம் குறிக்கும் மூலைமட்டத்தை வைத்து 170 க்கு 280 என்று பல்பல்லாகக் குறித்து வெட்டுகிறீர்கள். மிதிபலகையின் தடிமன் 30 என்றால், வெட்டிய பல்லின் மேல் அந்த 30 ஏறும். முதல் படி 170 உம் 30 உம் சேர்ந்து 200 ஆகிவிடும். நடுப்படிகள் எல்லாம் ஒவ்வொன்றும் 30 ஏறியிருப்பதால் 170 ஆகவே இருக்கும். கடைசிப் படியில் மேல் தரை நகராது, அதனால் அங்கே 140 தான் மிஞ்சும். நடப்பவரின் கால் முதல் இரண்டு படியிலேயே உயரத்தை மனப்பாடம் செய்துகொள்ளும், அதற்குப் பிறகு கண் படியைப் பார்ப்பதே இல்லை. அதனால்தான் அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகளில் ஒரே படிக்கட்டில் மிக உயர்ந்த ஏற்றத்துக்கும் மிகத் தாழ்ந்த ஏற்றத்துக்கும் 3/8 அங்குலத்துக்கு மேல், அதாவது பத்து மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வரக்கூடாது என்று இருக்கிறது. தீர்வு இதுதான்: பக்கப் பலகையின் அடியில் 30 மில்லிமீட்டரை அறுத்துவிட வேண்டும். முழுப் பலகையும் 30 இறங்கும், முதலும் கடைசியும் 170 ஆகிவிடும். படிக்கட்டுக்குக் குறி போடும் நாளில் எப்படியாவது அங்கே இருங்கள், வேறு வேலை கொடுத்திருந்தாலும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

சென்ட்ரிங்கைச் சிலர் தச்சு வேலையாகவே மதிப்பதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. தவறினால் உயிர் போகும் வேலை அது. கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. 15 சென்டிமீட்டர் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 360 கிலோ. 4 க்கு 5 மீட்டர் அறையின் மேல் 7,200 கிலோ ஈரக் கான்கிரீட், அதோடு கம்பி, ஆட்கள், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர். அத்தனையும் நீங்கள் அடியில் நிறுத்திய தாங்குகால்களான முட்டுகளின் மேல். முட்டின் அடியில் மண் இளகினால் பலகை எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. அடியில் அகலமான பலகை போட்டு, முட்டு செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக் குண்டாலோ ரசமட்டத்தாலோ பார்த்து, குறுக்குக் கட்டும் கொடுக்க வேண்டும். தூணிலும் சுவரிலும் கதை வேறு. ஊற்றும்போது கான்கிரீட் தண்ணீரைப்போலப் பக்கவாட்டில் தள்ளும். 3 மீட்டர் உயரத் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் சதுர மீட்டருக்கு 7 டன்னுக்கு மேல் அழுத்தம் வரலாம். அதனால்தான் கீழே கிளாம்புகள் நெருக்கமாகவும் மேலே போகப் போக விலகியும் இருக்கும். எத்தனை வேகத்தில் ஊற்றுவார்கள், எப்போது கழற்றலாம் என்பதைப் பொறியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்வதும் தச்சரின் வேலைதான். பக்கவாட்டுப் பலகையைச் சீக்கிரம் கழற்றலாம். அடியில் நிற்கும் முட்டுக்கு நாட்கள், நீண்ட உத்திரமானால் வாரங்கள்கூட ஆகும். அவசரப்படுத்தும் ஆள் யாராக இருந்தாலும் அவர் சொல்லுக்காக முட்டுகளை எடுக்காதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றித் தனி வகுப்பே இருக்கும், ஆகவே இங்கே சுருக்கமாக. கட்டுமானத்தில் உயிரிழப்புக்கு முதல் காரணம் உயரத்திலிருந்து விழுவது. ஏணியை, அதன் மேல்முனை சாயும் உயரம் நான்கு பங்கென்றால் அடி ஒரு பங்கு தள்ளி இருக்கும்படி வையுங்கள். நெயில் கன் வாங்கினால், ஒவ்வொரு ஆணிக்கும் முனையை அழுத்திய பிறகு விசையைத் தனியாக இழுக்க வேண்டிய வகையைத் தேர்ந்தெடுங்கள். விசையைப் பிடித்தபடி தட்டினாலே ஆணி பாயும் வகை வேகமானது, ஆனால் காயங்களும் அதில்தான் அதிகம். சர்குலர் ரம்பம் வெட்டுக்குள் நெரிபட்டால் பின்னுக்குத் துள்ளும், அறுபடும் துண்டு தானாகக் கீழே விழும்படி தாங்கல் வையுங்கள். காதுக்கு அடைப்பானும் மூக்குக்கு முகமூடியும் முதல் நாளிலிருந்தே. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. காது கேட்காமல் போவதை முப்பது வயதில் யாரும் கவனிப்பதில்லை, ஐம்பதில்தான் தெரியும். பாதுகாப்பில்லாத வேலையைச் செய்யச் சொன்னால் மறுக்கும் உரிமை பல நாடுகளில் அப்ரண்டிஸுக்கும் உண்டு.

கருவிகளைச் சேர்ந்த உடனே மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். நல்ல டேப், சுத்தியல், மூலைமட்டம், ரசமட்டம், நேர்கோடு போட நூல் அடிக்கும் டப்பா, கூரான உளி இரண்டு, கத்தி, பென்சில், இடுப்பில் கட்டும் பை. இவை போதும். முக்கோண வடிவத்தில் கையடக்கமாக வரும் மூலைமட்டம் ஒன்று இருக்கிறது, 1925 இல் ஆல்பர்ட் ஸ்வான்சன் என்ற அமெரிக்கர் கூரை வேலைக்காக உருவாக்கியது. இன்றைக்கும் கைமரச் சரிவைக் குறிக்க அதைவிட வேகமான கருவி இல்லை. மின்கருவிகளை முதலாளி தருவார். உளியைத் தீட்ட மட்டும் தாமதமின்றிக் கற்றுக்கொள்ளுங்கள். வாங்கும் டேப்பை உங்கள் குழுவில் இருக்கும் மற்றவர்களின் டேப்போடு ஒரு தடவை வைத்துப் பாருங்கள். கொக்கி வளைந்த டேப் ஒன்று குழுவில் இருந்தால் ஒருவர் அளந்து இன்னொருவர் வெட்டுவது ஒரு நாளும் சேராது.

உடம்பைப் பற்றியும் கேட்பீர்கள். பெரிய பலசாலியாக இருக்க வேண்டியதில்லை. முழங்கால், இடுப்பு, தோள் மூன்றும்தான் இந்தத் தொழிலில் தேயும். முழங்கால் பட்டை போடுங்கள், கனமானதை இரண்டு பேராகத் தூக்குங்கள். சின்ன வயதில் வீரம் காட்டித் தனியாகத் தூக்குபவர்கள் நாற்பதில் வேலையை விட்டுவிடுகிறார்கள். பெண்களும் இந்தப் பயிற்சிக்கு வருகிறார்கள், குறி போடுவதிலும் முடிப்பு வேலையிலும் பிரமாதமாகத் தேறுகிறார்கள். உடல் பலம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அவர்களைத் தடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

அப்புறம், பதிவேடு. எந்த நாள், எந்த வேலை, எத்தனை மணி என்று அன்றன்று எழுதி, வாரத்துக்கொரு முறை மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதுவது சரியாக வராது. நிறுவனம் மூடினாலும் நீங்கள் இடம் மாறினாலும் அந்த ஏடு மட்டும்தான் உங்களோடு வரும். அதைப் பார்த்தாலே உங்களுக்கு எந்த வேலை கிடைக்காமல் போகிறது என்பதும் தெரியும். ஆறு மாதமாக ‘சென்ட்ரிங், சென்ட்ரிங்’ என்றே இருந்தால் அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு போய் கூரைக் குழுவுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் காட்டிக் கேட்கும்போது மறுப்பது கடினம். முடிவில் தேர்வு இருக்கும். கனடாவில் மாகாணங்களுக்குப் பொதுவான ரெட் சீல் தேர்வில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். வரைபடம் படிப்பது, அளவுக் கணக்கு, விதிகள் என்று கேள்விகள் வரும். வேலையிடத்தில் குறி போட்டுப் பழகியவர்களுக்கு அது பயமாக இருக்காது.

நீங்கள் ஏற்கெனவே சில மாதம் யாரிடமாவது உதவியாளாக வேலை செய்திருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். பல பயிற்சித் திட்டங்கள் முந்தைய அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஆரம்ப மணி நேரத்தைக் குறைக்கும், சில இடங்களில் நேராக இரண்டாம் வருடத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு என்ன வேலை, எத்தனை மாதம் என்று அந்த முதலாளி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அவர் நினைவில் நீங்கள் இருக்கும்போதே, விண்ணப்பம் போடும் முன் அதை வாங்கி வைத்துவிடுங்கள்.